ஏழாம் தடம்

அம்பகாமக் காட்டில்
காலை ஆறரை தொட்டுப் பதினொன்றரை வரை
எனக்குக் கேட்பது ஒரேயொரு குரல்.
சும்மா இருக்கையில் நுளம்பு மாதிரி முனகும்,
இரும்பைக் கண்டால் வீரிடும்.
ஆணி, சோடா மூடி, ரின்மீன் தகரம்,
எப்போதாவது அது.
எல்லாவற்றுக்கும் ஒரே வீரிடல்தான்,
டிற்றெக்டருக்குத் தராதரம் தெரியாது.
முழங்காலில் இருந்து, ஓரமாய்ச் சுரண்டி,
என்னவென்று பார்ப்பது என் பாடு.

வெள்ளி பின்னேரம் பார்சல் வந்தது.
சொக்கிலேற்றுக்கு நடுவில் ஒரு பென்டிரைவ்.
வூப்பெற்றாலில் ரயில் பெட்டி கழுவுகிற
மாமி மகன் அருள்நேசன்
வொய்சில் சொல்லியிருந்தான்:
“பாட்டு எண்டு நினையாதை. நாலு ஜேர்மன்காரர்,
மூடின உருக்குத் தொழிற்சாலைக்குள்ள போய்
குழாய், சங்கிலி, றில் மிசின், சாமான் தள்ளுற வண்டில்...
ஏழாவதைக் கேள். பொறுத்துக் கேள்.”

வீட்டில் பென்டிரைவ் குத்த இடமில்லை.
சசிறேகாவின் புருசனுடைய ஓட்டோவில் இருக்கிறது,
பின்சீற்றுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்,
கூரையைச் சுற்றி நீல லைற்.
மாங்குளம் சந்தி தாண்டி
முல்லைத்தீவு றோட்டில் ஒரு பாலைமரத்துக்குக் கீழே நிறுத்தி
மூன்று பேரும் உள்ளே இருந்தோம்,
சவாரி போகிறவர்கள் மாதிரி.

முதலில் ஏதோ உரசியது.
பிறகு தகரம். பிறகு வயிற்றுக்குள் ஒரு இடி,
அதன்மேல் ஒருவன்
எண்ணுகிறானா திட்டுகிறானா தெரியவில்லை.
“அரவை மில்லில பெல்ற் அறுந்திட்டுது” என்றாள் சசிறேகா.
குணேந்திரன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு,
“நல்ல இரும்பு. பழைய வார்ப்பு.
இஞ்ச எண்டால் கிலோ நூற்றைம்பதுக்கு எடுப்பாங்கள்” என்றான்.
எனக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன் சாமான் டிற்றெக்டர்தான்,
அதுகூட இப்படிக் கத்தியதில்லை.
றோட்டால் போன மாடுகள் நின்றன. மாட்டுக்காரன் நிற்கவில்லை.

நாலாம் நிமிடத்தில் எல்லாம் நின்றது.

செற் பழுதாக்கும் என்று குணேந்திரன் கை நீட்டினான்.
பொறுங்கோ என்றேன்.
உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.
சப்பாத்து ஒன்று மெல்ல இடம் மாறியது.
பதினொரு செக்கன். எண்ணினேன், எண்ணுவது எனக்குப் பழக்கம்.
பிறகு நாலு பேரும் ஒரே அடியாய்,
விட்ட இடத்திலிருந்து.

இரவு அருள்நேசன் எடுத்தான்.
தொண்ணூற்றாறில் போனவன்.
“கேட்டனியோ? எனக்கு முதல்தரம் அழுகை வந்திட்டுது.
உனக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்குமே.”

வரவில்லை.
அவனுக்கு அதை எப்படிச் சொல்வது?
ஷெல் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணாது, மச்சான்.
அது நின்றால் நின்றதென்று அர்த்தமில்லை.
பங்கருக்குள் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அமைதிக்குச்
சொந்தக்காரர் இல்லை.
இது ஆரோ அளந்து வெட்டி வைத்த அமைதி.
இவ்வளவு போதும் என்று நாலு பேர் முன்கூட்டியே பேசி,
ஒத்திகை பார்த்து,
ஒருவன் ஒருதரம் பிந்தி அடித்து, மற்றவர்கள் சிரித்து...
எனக்கு அந்தச் சிரிப்பில்தான் பொறாமை.
“சத்தம் கூட” என்று மட்டும் சொன்னேன்.
“அங்க குளிரோ?”

திங்கள்.
என் தடத்தில் இருபது சென்ரிமீற்றர்கூட நகரவில்லை,
வீரிட்டது.
சுரண்டினேன். கட்டில் ஸ்பிறிங் ஒன்று,
ஆரோ படுத்த கட்டில்.
மண்ணைத் தட்டி, நகத்தால் ஒருதரம் சுண்டினேன்.
“என்ன அங்க?” தவறாசா சேர் எழும்பினார்.
“ஒண்டுமில்லை சேர், ஸ்பிறிங்.”

வாளிக்குள் போட்டேன். ணங்.
அடுத்தது ஆணி. ணிக்.
மூன்றாவது சோடா மூடி, விரலுக்கிடையில் இருந்தது.
போட நேரமாகவில்லை.
இருபத்தைந்து மீற்றர் தள்ளி, அடுத்த தடத்தில்,
சசிறேகா
முகக்கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள்.
காத்திருந்தாள்.